போனைப் பாருங்கள் என்கிறது கணினி, போனிலோ ஒன்றுமில்லை

கடவுச்சொல்லைச் சரியாகத்தான் கொடுத்தீர்கள். கணினித் திரை மாறி, 'செக் யுவர் போன்' என்கிறது. போனை எடுத்துப் பார்த்தால் வழக்கமான முகப்புதான் இருக்கிறது. விரலால் மேலிருந்து கீழே இழுத்துப் பார்க்கிறீர்கள். வாட்ஸ்அப் செய்தி, மழை எச்சரிக்கை, ரீசார்ஜ் விளம்பரம் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. வர வேண்டிய ஒன்று மட்டும் வரவில்லை. ஹால் டிக்கெட் அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போன இடத்தில் இது நேர்ந்தால், பின்னால் நிற்கிறவர்களின் முணுமுணுப்பும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பதற்றத்தில் செய்கிற காரியங்கள்தான் சின்னக் கோளாறைப் பெரிய இழப்பாக்குகின்றன. அதனால், செய்யக் கூடாதவற்றிலிருந்தே இந்த அத்தியாயத்தைத் தொடங்குகிறேன்.

பெரும்பாலோரின் போன் ஆங்கிலத்தில் இருப்பதால் மெனுப் பெயர்களை அந்த ஒலிப்பிலேயே தந்திருக்கிறேன். போன் கம்பெனிக்குக் கம்பெனி சொல் கொஞ்சம் மாறும். சொன்ன இடத்தில் இல்லையென்றால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் தேடுங்கள்.

தொடக் கூடாதவை

போனிலிருந்து கூகுள் கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்துப் பார்க்காதீர்கள். "எடுத்துட்டுப் போட்டா சரியாயிடும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். நீக்குவது எளிது. மறுபடி சேர்க்கும்போது, கடவுச்சொல்லுக்குப் பிறகு வரும் அதே இரண்டாம் படியைக் கூகுள் கேட்கும். அந்தக் கேள்வியை அனுப்புவதற்கு உங்கள் கணக்கு இருந்த ஒரே போனைத்தான் சற்றுமுன் நீங்களே வெளியேற்றியிருப்பீர்கள்.

உள்நுழைய ஆறு இலக்க எண் காட்டும் ஆதென்டிகேட்டர் செயலியை அழித்துவிட்டு மீண்டும் நிறுவாதீர்கள். அதற்குள் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. காப்பு எடுக்காமல் அழித்தால் செயலியோடு சாவியும் போய்விடும். கூகுள் ஆதென்டிகேட்டர் 2010இலேயே வந்துவிட்டாலும், உள்ளே இருப்பதைக் கூகுள் கணக்கில் சேமித்துவைக்கும் வசதி 2023 ஏப்ரலில்தான் சேர்ந்தது. அதற்கு முன்பு நிறுவியவர்களில் பலர் அந்த வசதி வந்ததையே கவனித்திருக்க மாட்டார்கள். செயலியின் மேற்பகுதியில் உள்ள மேகக் குறியைப் பாருங்கள். அதன் குறுக்கே கோடு விழுந்திருந்தால் காப்பு இல்லை என்று பொருள்.

ஃபேக்டரி ரீசெட் வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன இரண்டு ஆபத்துகளும் அதில் ஒன்றாக வந்து சேரும்.

இணையத்தில் 'கஸ்டமர் கேர்' எண்ணைத் தேடி அழைப்பதும் அப்படித்தான். சாதாரண ஜிமெயில் கணக்கைத் தொலைபேசி வழியாகக் கூகுள் மீட்டுத் தருவதில்லை. 'நாங்கள் கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்களுக்கு வரும் எண்ணைச் சொல்லுங்கள்' என்கிறவர் உங்கள் கணக்குக்குள் நுழையப் பார்க்கிறவர்.

எந்த வழியாக வர வேண்டியது?

'ஓடிபி வரவில்லை' என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இரண்டாம் படி பெரும்பாலும் மூன்று வெவ்வேறு வழிகளில் நடக்கிறது. ஒன்று எஸ்எம்எஸ்: சிம், டவர், தொலைத்தொடர்பு நிறுவனம் இவற்றை நம்பியிருப்பது. இன்னொன்று, 'நீங்கள்தானா?' என்று கேட்டு 'யெஸ்' தொடச் சொல்லும் அறிவிப்பு. இது இணையம் வழியாக வருவது. சிம்மோடு இதற்குச் சம்பந்தமே இல்லை. மூன்றாவது, ஆதென்டிகேட்டர் செயலியில் 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண். இது எங்கிருந்தும் வருவதில்லை. போனே கணக்குப் போட்டுக் காட்டுகிறது.

அறிவிப்பு வர வேண்டியிருக்க, சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. எஸ்எம்எஸ் வர வேண்டிய இடத்தில் வைஃபையை அணைத்து அணைத்துப் போடுகிறவர்களும் உண்டு. வழியைத் தெரிந்துகொண்டாலே பாதி நேரம் மிச்சம். கணினித் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று நிதானமாக முழுவதும் படித்தால் வழி தெரிந்துவிடும்.

திரையில் இருக்கும் போன் பெயர்

கூகுளின் அந்தத் திரையில் நம்மில் பலர் தாண்டிப்போகிற ஒரு வரி இருக்கிறது. அறிவிப்பை எந்தக் கருவிக்கு அனுப்பியிருக்கிறது என்று அதன் மாடல் பெயரோடு அது சொல்லும். கையில் இருப்பது சாம்சங். திரையில் பழைய ரெட்மியின் பெயர். அப்படியென்றால் அறிவிப்பு ஒழுங்காகப் போயிருக்கிறது, வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கும் போனுக்கு. அந்தப் போனை வீட்டில் பாட்டு கேட்கவோ பிள்ளைகள் விளையாடவோ கொடுத்திருக்கலாம். அதில் உங்கள் கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறது என்ற தகவலும் இதில் சேர்த்தி. உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகக் கூகுள் கணக்கின் 'செக்யூரிட்டி' பக்கத்தில் 'யுவர் டிவைசஸ்' பட்டியலைத் திறந்து, பழைய போனில் 'சைன் அவுட்' கொடுங்கள். விற்றுவிட்ட போன் அந்தப் பட்டியலில் இருந்தால் இன்றே செய்ய வேண்டிய வேலை அது.

திரையில் கியூஆர் குறி வந்து, புளூடூத்தை இயக்கச் சொன்னால் அது வேறு விஷயம். அதன் பெயர் பாஸ்கீ. கடவுச்சொல்லுக்குப் பதில் விரல்ரேகையாலோ முகத்தாலோ நுழையும் முறை. கூகுள் 2023 மே மாதம் இதை அறிமுகப்படுத்தி, அதே ஆண்டு அக்டோபரில் தனிநபர் கணக்குகளுக்கு முதல் தேர்வாகவும் ஆக்கியது. போனும் கணினியும் பக்கத்தில்தான் இருக்கின்றன என்பதை உறுதிசெய்ய இந்த முறை புளூடூத்தைப் பயன்படுத்துகிறது. கடைகளில் இருக்கும் பழைய மேசைக் கணினிகள் பலவற்றில் புளூடூத்தே கிடையாது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஒன்றும் நடக்காது. கீழே உள்ள 'ட்ரை அனதர் வே'யைத் தொட்டு வேறு வழிக்கு மாறுங்கள்.

அந்த 'ட்ரை அனதர் வே' எல்லா நேரத்திலும் கைகொடுக்கிற ஒன்று. நீங்கள் முன்பே ஏற்படுத்திவைத்த எல்லா மாற்று வழிகளையும் அது பட்டியலிடும். போனில் இணையமே இல்லாவிட்டாலும் பயன்படும் வழி ஒன்றும் ஆண்ட்ராய்டில் உண்டு. செட்டிங்ஸில் 'கூகுள்' என்ற பகுதிக்குப் போய், உங்கள் கணக்கின் 'செக்யூரிட்டி' பக்கத்தில் 'செக்யூரிட்டி கோட்' என்பதைத் தொட்டால் போன் ஓர் எண்ணைக் காட்டும். அதைக் கணினியில் இட்டால் போதும். மலைப்பாதையிலோ, டேட்டா தீர்ந்துபோன மாதக்கடைசியிலோ இது உதவும்.

கணக்கே வெளியேறியிருந்தால்

திரையில் உங்கள் போனின் பெயர்தான் இருக்கிறது, ஆனாலும் வரவில்லை. இப்போது போனில் ஜிமெயிலைத் திறங்கள். அறிவிப்பு மேலே தோன்றாவிட்டாலும், ஜிமெயிலையோ கூகுள் செயலியையோ திறந்தவுடன் அந்தக் கேள்வி முழுத்திரையில் வந்து நிற்பதுண்டு. எந்த அமைப்பையும் மாற்றும் முன் இதைச் செய்து பாருங்கள். செலவில்லாத, ஆபத்தில்லாத பரிசோதனை இதுதான்.

ஜிமெயில் திறந்ததும் கேள்வி வராமல், 'சைன் இன்' செய்யச் சொன்னாலோ 'அக்கவுன்ட் ஆக்‌ஷன் ரிக்வயர்டு' என்றாலோ காரணம் பிடிபட்டுவிட்டது. சில நாளுக்கு முன் கடவுச்சொல்லை மாற்றியிருப்பீர்கள். புதிய கடவுச்சொல்லைப் போனிலும் தரச்சொல்லி ஒரு சின்ன அறிவிப்பு வந்திருக்கும். விளம்பரங்களோடு சேர்த்து அதையும் விரலால் தள்ளிவிட்டிருப்பீர்கள். அன்றிலிருந்து அந்தப் போன் கூகுளின் பார்வையில் உங்கள் கணக்கில் இல்லை. கணக்கு போனின் பட்டியலில் தெரியும், பழைய மின்னஞ்சல்களும் தெரியும், புதிதாக எதுவும் வராது. பழைய அஞ்சல்கள் தெரிவதால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. புதிய கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால் அடுத்த அறிவிப்பு வந்து சேரும்.

அடுத்து பார்க்க வேண்டியது கூகுள் பிளே சர்வீசஸ். ஆண்ட்ராய்டில் கூகுளின் இந்தக் கேள்வியைக் காட்டுவது ஜிமெயில் அல்ல, பின்னணியில் ஓடும் இந்தப் பகுதிதான். செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பட்டியலில் அதைத் தேடி, அது 'டிசேபிள்' ஆகவில்லை என்றும் அதன் அறிவிப்புகள் அணைக்கப்படவில்லை என்றும் பாருங்கள். 'கிளியர் கேஷ்' கொடுக்கலாம், தீங்கில்லை. பக்கத்திலேயே இருக்கும் 'கிளியர் டேட்டா'வைத் தொடாதீர்கள்.

அறிவிப்பு வருகிற பாதை

அலுவலகக் கணக்கு, பங்குச்சந்தைக் கணக்கு, வங்கி எனப் பல இடங்களில் இந்த 'யெஸ்' அறிவிப்பு தனிச் செயலிகள் வழியாக வருகிறது. அவற்றில்தான் போனின் பேட்டரி சிக்கனம் குறுக்கே நிற்கும். ஏன் என்று புரிய, பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வொரு நிறுவனமும் உங்கள் போனைத் தனித்தனியாகத் தேடி வருவதில்லை. ஆண்ட்ராய்டு போன் கூகுளோடு ஓர் இணைப்பை எந்நேரமும் திறந்துவைத்திருக்கிறது, ஐபோன் ஆப்பிளோடு. ஊருக்கு ஒரே பேருந்து வருகிற கிராமத்தில் எல்லார் வீட்டுச் சாமானும் அதிலேயே வந்து இறங்குவது மாதிரி, ஏறக்குறைய எல்லாச் செயலிகளின் அறிவிப்பும் அந்த ஒரே இணைப்பில்தான் வருகிறது. வந்ததும் போன் அந்தந்தச் செயலியை எழுப்பி ஒப்படைக்கும். பிழை இணைப்பில் இருக்கலாம், அல்லது எழுப்புகிற இடத்தில் இருக்கலாம்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்கச் சுலபமான சோதனை உண்டு. போனின் திரையை அணைத்து மேசையில் வையுங்கள். பக்கத்தில் இருப்பவரை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும், ஜிமெயிலுக்கு ஒரு அஞ்சலும் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டும் உடனே சத்தம் கொடுத்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது. பிழை அந்த ஒரு செயலியிடம். இரண்டும் நீங்கள் திரையைத் திறந்த பிறகே வந்து விழுந்தால் போன் முழுவதற்குமான பிரச்சினை. பேட்டரி சேவர், டேட்டா சேவர், நெட்வொர்க் இவற்றைப் பார்க்க வேண்டும்.

ஒரு செயலி மட்டும் மௌனமாக இருந்தால், முதல் சந்தேகம் அனுமதி. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவும் செயலி அறிவிப்பு அனுப்ப உங்களிடம் அனுமதி கேட்டாக வேண்டும். எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்கிறார்களே என்ற எரிச்சலில் 'டோன்ட் அலோ' தொட்டிருந்தால், இரண்டாம் மறுப்புக்குப் பிறகு அது கேட்பதையே நிறுத்திவிடும். செயலியின் பெயரை அழுத்திப் பிடித்து, 'ஆப் இன்ஃபோ', பிறகு 'நோட்டிஃபிகேஷன்ஸ்' போய் இயக்குங்கள்.

இரண்டாவது, நீண்ட நாள் திறக்காத செயலியை ஆண்ட்ராய்டு 12 முதல் போனே உறங்க வைத்துவிடுகிறது. உறங்கும் செயலிக்கு அறிவிப்பு வராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் பல்கலைக்கழகத் தளத்துக்கோ வருமானவரி வேலைக்கோ நுழைகிறவர்களின் ஆதென்டிகேட்டர் இப்படித்தான் உறங்கிப்போகிறது. 'ஆப் இன்ஃபோ' பக்கத்தின் கீழ்ப்பகுதியில் 'பாஸ் ஆப் ஆக்டிவிட்டி இஃப் அன்யூஸ்டு' என்றோ அதையொத்த சொல்லிலோ ஒரு பொத்தான் இருக்கும். ஆதென்டிகேட்டருக்கும் வங்கிச் செயலிக்கும் அதை அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, போன் கம்பெனிகள் தாங்களாகச் சேர்த்த பேட்டரி சிக்கனம். நம் ஊரில் அதிகம் புழங்கும் ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் 'ஆட்டோஸ்டார்ட்' அல்லது 'ஆட்டோ லாஞ்ச்' என்றொரு அனுமதி தனியாக இருக்கிறது. அது இல்லாத செயலி பின்னணியில் தானாக எழ முடியாது. சாம்சங்கில் செட்டிங்ஸ், 'பேட்டரி', 'பேக்ரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ்' என்று போனால் 'ஸ்லீப்பிங் ஆப்ஸ்', 'டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்' என இரு பட்டியல்கள் கிடைக்கும். இரண்டாவதில் உங்கள் ஆதென்டிகேட்டர் இருந்தால் காரணம் அதுவே. வெளியே எடுத்து, ஒருபோதும் உறங்க வேண்டாதவை பட்டியலில் சேர்த்துவிடுங்கள். எந்தக் கம்பெனி போனானாலும் செயலியின் 'பேட்டரி' பகுதியில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' அல்லது 'நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இந்த ஒரு செயலிக்காகப் பேட்டரி தீர்ந்துவிடாது. நாளெல்லாம் வீடியோ ஓட்டும் செயலிகளை விட்டுவிட்டு இதை முடக்குவதில் பயனில்லை.

'ஃபோர்ஸ் ஸ்டாப்' பற்றியும் சொல்ல வேண்டும். போன் மெதுவாக ஓடுகிறது என்று செயலிகளை ஃபோர்ஸ் ஸ்டாப் செய்யும் பழக்கம் சிலருக்கு. அப்படி நிறுத்திய செயலிக்கு, நீங்களே மறுபடி திறக்கும் வரை எந்த அறிவிப்பும் போய்ச் சேராது. 'கிளீனர்', 'பூஸ்டர்' என்று வரும் செயலிகள் இந்த வேலையை உங்களைக் கேட்காமலே செய்யக்கூடியவை. அவற்றை நீக்கிவிடுங்கள், போனுக்கு அவற்றால் ஒரு நன்மையும் இல்லை.

வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை

ரயில் நிலையத்தில் இலவச வைஃபையில் போன் தானாக ஒட்டிக்கொள்ளும். எண்ணைக் கொடுத்து உள்நுழையும் பக்கத்தை நீங்கள் முடிக்காதவரை அதில் இணையம் கிடையாது. வைஃபை குறியின் ஓரத்தில் ஓர் ஆச்சரியக்குறி நிற்கும், அவ்வளவுதான். விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இதே கதை.

கல்லூரி, அலுவலக வைஃபையில் இன்னும் நுணுக்கமான தடை இருக்கும். இணையதளங்கள் 443 என்ற போர்ட் (இணைப்பு வாயில்) வழியாக ஓடுகின்றன. அதை யாரும் அடைப்பதில்லை. கூகுளின் அறிவிப்பு இணைப்போ 5228, 5229, 5230 என்ற போர்ட்களையும், ஆப்பிளுடையது 5223ஐயும் முதலில் நாடும். பாதுகாப்பு கருதி மற்ற எல்லாவற்றையும் அடைத்துவைத்த நெட்வொர்க்கில் யூடியூப் ஓடும், செய்தித் தளம் திறக்கும், அறிவிப்பு மட்டும் வராமல் போகலாம். விளம்பரத்தைத் தடுக்கும் விபிஎன்களும் 'பிரைவேட் டிஎன்எஸ்' அமைப்பும் இதே விளைவைத் தரலாம்.

எல்லாவற்றுக்கும் ஒரே சோதனை போதும்: வைஃபையை அணையுங்கள், விபிஎன்னை நிறுத்துங்கள், மொபைல் டேட்டாவில் மறுபடி முயலுங்கள். வந்துவிட்டால் போன்மீது குற்றமில்லை.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு

கூகுளின் கேள்வி ஐபோனுக்கு வர, ஜிமெயில் போன்ற கூகுளின் செயலி ஏதாவது ஒன்று நிறுவப்பட்டு அதில் உங்கள் கணக்கு இருக்க வேண்டும். ஆப்பிளின் 'மெயில்' செயலியில் மட்டும் ஜிமெயில் பார்ப்பவருக்கு அது வராது. அறிவிப்புகளை மௌனமாக்கும் 'ஃபோகஸ்' இயங்குகிறதா என்று பாருங்கள். 2021இல் ஐஓஎஸ் 15உடன் வந்த 'ஷெட்யூல்டு சம்மரி'யையும் மறக்காதீர்கள். அதில் சேர்த்த செயலிகளின் அறிவிப்புகள் பொதுவாகக் குறித்த வேளையில் மொத்தமாகத்தான் காட்டப்படும். காலையில் கேட்ட கேள்வி மாலையில் வந்து பயன் என்ன? 'ஆஃப்லோட் அன்யூஸ்டு ஆப்ஸ்' இயங்கினால் அதிகம் தொடாத ஆதென்டிகேட்டரைப் போனே எடுத்துவைத்துவிடும். அதன் படத்தின் அருகே சின்ன மேகக் குறி தெரியும்.

ஆப்பிள் கணக்கின் சொந்த ஆறு இலக்க எண் வராவிட்டால் காத்திருக்கவே வேண்டாம். செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டு, 'சைன்-இன் அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'கெட் வெரிஃபிகேஷன் கோட்' கொடுத்தால் நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

அலுவலகக் கணக்கு

மைக்ரோசாஃப்ட் ஆதென்டிகேட்டர் பயன்படுத்துகிறவர்கள் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். அறிவிப்பு வராதபோது செயலியைத் திறந்து, திரையைக் கீழே இழுத்துவிட்டால் காத்திருக்கும் கேள்வி வெளியே வரும். புதுப் போனுக்கு மாறியவர்களுக்குப் பட்டியலில் அலுவலகக் கணக்கின் பெயர் காப்பிலிருந்து வந்து நிற்கும், ஆனால் அது வெறும் பெயர்தான். அந்தப் போனில் மறுபடி பதிவு செய்யாமல் அறிவிப்பு வராது. பழைய போன் கையில் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். கொடுத்துவிட்டு, வேறு வழி எதுவும் பதிவில் இல்லையென்றால் உங்கள் நிறுவனத்தின் ஐடி பிரிவால் மட்டுமே பழைய பதிவை நீக்கிப் புதிதாகத் திறந்துவிட முடியும். வீட்டில் உட்கார்ந்து செய்யும் எந்த வைத்தியமும் அதற்கு உதவாது.

எண் வருகிறது, ஏற்க மறுக்கிறது

ஆதென்டிகேட்டரின் ஆறு இலக்க எண் ரகசியச் சாவியையும் நேரத்தையும் சேர்த்துப் போடும் கணக்கு. 2011இல் வகுக்கப்பட்ட பொது விதி இது; எந்த நிறுவனத்தின் செயலியானாலும் பெரும்பாலும் இதையே பின்பற்றுகிறது. எதிர்முனையில் இருக்கும் கணினியும் அதே சாவியையும் நேரத்தையும் வைத்து அதே கணக்கைப் போட்டு ஒப்பிடுகிறது. போனின் கடிகாரம் ஓரிரு நிமிடம் பிசகினாலும் விடை மாறிவிடும்.

போனின் கடிகாரம் ஏன் பிசகப்போகிறது? விளையாட்டில் தீர்ந்த 'லைஃப்' சீக்கிரம் கிடைக்கப் பிள்ளைகள் நேரத்தை முன்னால் தள்ளிவைப்பதுண்டு. வளைகுடா போகிறவர்கள் செய்வது இன்னொன்று. துபாய் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால். விமானத்திலிருந்து இறங்கியதும் நேர மண்டலத்தை மாற்றாமல் மணியை மட்டும் கையால் ஒன்றரை மணி பின்னுக்கு வைத்துவிட்டால், சுவர்க் கடிகாரத்தோடு போன் ஒத்துப்போகும். ஆனால் போனின் கணக்குப்படி உலக நேரமே ஒன்றரை மணி பின்தங்கிவிடும். எந்த எண்ணும் செல்லாது. 'டேட் அண்ட் டைம்' பகுதியில் நேரம், நேர மண்டலம் இரண்டையும் 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். போன் எந்த நாட்டில் இருந்தாலும் எண் பொருந்தும்.

எஸ்எம்எஸ் வழியானால்

திரையில் எண்ணின் கடைசி இலக்கங்கள் தெரியும். அவை எந்த சிம்முடையவை, அந்த சிம் இயங்குகிறதா என்று பாருங்கள். செய்திச் செயலியின் 'ஸ்பேம் அண்ட் பிளாக்டு' பகுதியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். சில நிறுவனங்கள் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் வாட்ஸ்அப்பில் அனுப்புகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

புதிய சிம்மோ இ-சிம்மோ மாற்றிய அன்று வரவில்லையென்றால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. மாற்று சிம் இயக்கத்துக்கு வந்த 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ்ஸை நிறுத்திவைக்க வேண்டும் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2022இல் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் எண்ணுக்கு மோசடியாக வேறொருவர் சிம் வாங்கினால் உங்கள் கணக்கைக் காலிசெய்ய அவருக்கு நேரம் கிடைக்கக் கூடாது என்பதற்காக. நல்ல ஏற்பாடுதான். சிம் மாற்றும் நாளில் பணம் அனுப்பும் வேலையையோ விண்ணப்பக் கடைசித் தேதியையோ வைத்துக்கொள்ளாதீர்கள்.

பிழை உங்கள் பக்கமே இல்லாத நாட்களும் உண்டு. 2021 மார்ச் 8 அன்று, வணிகச் செய்திகளின் வாசகத்தைப் பதிவான மாதிரியோடு ஒப்பிட்டு வடிகட்டும் முறையைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, நாடு முழுக்க வங்கி ஓடிபிகள் சிக்கிக்கொண்டன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை ஏழு நாள் நிறுத்திவைத்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் வரவில்லையென்றால் போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்திய எண்ணில் ஓடிபி வாங்குகிறவர்கள் அந்த சிம்மைச் சாக விடக் கூடாது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், இருப்பும் 20 ரூபாய்க்குக் கீழே போனால் ப்ரீபெய்டு இணைப்பைத் துண்டிக்க டிராய் விதியில் இடமிருக்கிறது. துண்டித்த எண் பிறகு வேறொருவருக்குப் போகும். உங்கள் வங்கியின் ஓடிபியும் அவருக்கே போகும்.

எந்த வழியானாலும் 'ரீசென்ட்'டை அடுத்தடுத்து அழுத்தாதீர்கள். புதிய எண் பிறந்ததும் பழையது பல இடங்களில் செல்லாததாகிவிடும். தாமதமாக வந்த முதல் எண்ணை நீங்கள் இட்டுக்கொண்டிருப்பீர்கள். அது தவறு என்று வரும். சில முறைக்குப் பிறகு கணக்கே தற்காலிகமாகப் பூட்டப்படும்.

கேட்காமல் வந்தால்

வரவில்லையே என்று தவிக்கும் நேரத்தில், வருகிற எதையும் 'யெஸ்' சொல்ல விரல் துடிக்கும். கூகுளின் அறிவிப்பில் எந்தக் கருவியிலிருந்து, எந்த ஊருக்கு அருகிலிருந்து, எப்போது என்ற மூன்றும் இருக்கும். மூன்றையும் படித்த பிறகே தொடுங்கள். ஊர் சற்றுத் தள்ளிக் காட்டலாம். கருவியும் நேரமும் பொருந்தியாக வேண்டும். நீங்கள் நுழைய முயலாதபோது வந்தால், உங்கள் கடவுச்சொல் யாரிடமோ இருக்கக்கூடும். 'நோ' கொடுத்து, கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றுங்கள்.

2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் புகுந்தவர் ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப உள்நுழைய முயன்றார். ஒவ்வொரு முறையும் அந்தப் பணியாளரின் போனுக்கு ஒப்புதல் கேட்டு அறிவிப்பு வந்தது. கடைசியில் ஒன்றுக்கு அவர் ஒப்புதல் கொடுத்துவிட்டார். கணினித் திரையில் தெரியும் எண்ணைப் போனில் தட்டச்சு செய்யும் முறையை மைக்ரோசாஃப்ட் 2023 மே முதல் அலுவலகக் கணக்குகளுக்குக் கட்டாயமாக்கியது இத்தகைய தாக்குதல்களைத் தடுக்கத்தான். அந்த எண் தொல்லையாகத் தோன்றினாலும், உள்நுழையும் திரை உங்கள் கண்முன் இல்லாதபோது நீங்கள் தவறுதலாக ஒப்புதல் கொடுத்துவிடாமல் இருக்க அதுவே காவல். இப்படி ஏமாந்து இந்தியாவில் பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

இன்றே எடுத்துவைக்க வேண்டியது

இதுவரை சொன்ன எதுவும் உடைந்துபோன, திருடுபோன போனுக்கு உதவாது. அதற்கு நல்ல மருந்து பேக்கப் கோடுகள். கூகுள் கணக்கின் 'செக்யூரிட்டி' பக்கத்தில் 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' பகுதிக்குள் 'பேக்கப் கோட்ஸ்' இருக்கிறது. எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் கிடைக்கும். போனில் ஸ்கிரீன்ஷாட்டாக வைக்காதீர்கள். போன் போனால் அதுவும் போகும். தாளில் எழுதி, பத்திரங்களும் பாலிசிகளும் இருக்கும் உறையில் வையுங்கள். வீட்டில் ஒருவருக்கு அந்த இடம் தெரிந்திருக்கட்டும். பெற்றோரின் போனுக்கும் இதைச் செய்து கொடுங்கள். அவர்கள் கணக்கு பூட்டிக்கொண்டால் பல ஆண்டுப் புகைப்படங்களும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு எண்ணும் ஒருமுறைதான் செல்லும், பயன்படுத்தியதை அடித்துவிடுங்கள். புதிய பத்து எண்களை வாங்கிய நிமிடமே பழைய தாளில் உள்ளவை அத்தனையும் செல்லாதவையாகிவிடும், அதைக் கிழித்துப் போட்டுவிடலாம்.